நாலாள் அண்ணாச்சி வைத்த மூன்று விநாடி இருட்டு

சிவகாசியில் வெடிக்காத பட்டாசைக்கூட நான் பார்த்திருக்கிறேன். நாலாள் அண்ணாச்சியை முதல்முறை சந்தித்துவிட்டு அதிர்ச்சியடையாத மனிதரைப் பார்த்ததில்லை. இரண்டாம் முறை சந்தித்தவர்கள் இன்னும் கூடுதலாக அதிர்ந்தார்கள். நானோ அவரோடு மூன்று வருஷம் ஒரே அறையில் வேலை பார்த்தவன். என் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கையில் செல்போன் வந்தும், பேசினால் காசு தீர்ந்துபோகும் என்று எல்லோரும் மிஸ்டு கால் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்த காலம். சாகுல் பாய் தன் கேசட் கடையை மூடிவிட்டு, ஓர் அச்சகத்து மாடியில் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் ஸ்டூடியோ திறந்தார். உள்ளூர் கேபிளுக்கு விளம்பரப் படம், கல்யாண வீடியோவுக்கு எழுத்து ஓடுகிற டைட்டில், இவைதான் தொழில். நான் ஆர்டர் பிடித்துவருகிறவன். அனிமேஷனுக்கு ஆள் தேவை என்று கீழே வாசலில் போர்டு எழுதி வைத்தோம். ஜீன்ஸ் போட்ட பையன் எவனாவது வருவான் என்று எதிர்பார்த்தோம்.

வந்தவருக்கு ஐம்பது வயதுக்குக் குறையாது. வெள்ளைக் கதர்ச் சட்டை, நாலு முழ வேட்டி. செருப்பை மாடி வாசலில் விடவில்லை. கீழே தெருவிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறி வந்திருந்தார். வணக்கம் சொல்வதற்கு முன்னால் பாயின் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். "தீப்பெட்டி இருக்கா? செல்போன அணைங்க. உள்ள எத்தன பேரு?" என்றார்.

பாய், நான், கரண்டு வேலை பார்க்க வந்த ரெண்டு பேர், அவர் ஒருவர் என்று ஐந்து பேர் இருந்தோம். "ஒருத்தர் வெளிய போங்க. ஒரு ரூமுக்கு நாலு ஆளுதான்" என்றார். வேலை கேட்டு வந்த மனிதர் முதலாளியை அவர் அறையிலிருந்தே வெளியே அனுப்பியதை அன்றுதான் பார்த்தேன். பாயும் ஏதோ சர்க்கார் அதிகாரி என்று நினைத்து மரியாதையாகப் படியில் போய் நின்றுகொண்டார்.

பிறகுதான் விவரம் தெரிந்தது. மனிதர் இருபது வருஷம் பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தவர். மருந்து கலக்கிற அறைகளைப் பார்த்துக்கொண்டவர். அங்கே ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் கூடாது, அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும், செருப்பு ஆகாது, உள்ளே போகுமுன் உலோகத் தகட்டைத் தொட்டு உடம்பில் இருக்கிற மின்சாரத்தை இறக்கிவிட வேண்டும். ஆலையை விட்டு வந்தவர் இந்தச் சட்டங்களை மட்டும் விடவில்லை. நாற்பதைத் தாண்டிய பிறகு கம்ப்யூட்டர் சென்டரில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அனிமேஷன் படித்தாராம். எங்கள் கம்ப்யூட்டர் மேஜையில் ஒரு செம்புத் தகட்டை அடித்துவைத்தார். அதைத் தொடாமல் யாராவது மவுஸைத் தொட்டால் கையைத் தட்டிவிடுவார். பக்கத்தில் ஒரு வாளி மணல் வேறு. கல்யாண டைட்டில் செய்யுமிடத்தில் மணல் வாளியைப் பார்த்த பெண் வீட்டார் சிலர் அப்படியே இறங்கிப் போய்விட்டார்கள்.

இந்த நாலாள் சட்டத்தை அவர் கம்ப்யூட்டருக்கு உள்ளேயும் கொண்டுபோய்விட்டதுதான் பெரிய அதிர்ச்சி. அனிமேஷன் சாப்ட்வேரில் லேயர் என்று ஒன்று உண்டு. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற மாதிரி. வானம் ஒரு தாள், எழுத்து ஒரு தாள், பறக்கிற கிளி ஒரு தாள். மற்ற ஊர்களில் ஐம்பது தாளை ஒரே அடுக்காக அடுக்குவார்கள். அண்ணாச்சி நாலுக்கு மேல் அடுக்கமாட்டார். ஐந்தாவது வேண்டுமென்றால் தனியாக இன்னொரு 'ரூம்' கட்டுவார். அந்த ரூமை மொத்தமாக ஒரே தாளாக ஆக்கிப் பழைய ரூமுக்குள் கொண்டுவருவார். ஒரு மிட்டாய்க் கடை விளம்பரத்துக்கு முப்பத்தேழு ரூம் கட்டியிருந்தார். ஏன் இப்படி என்று கேட்டால், "ஒரு ரூம் போனா அதோட போகும். பக்கத்து ரூமுக்குப் பரவாது" என்பார். கிறுக்குத்தனம் என்று சிரித்தோம். ஒரு நாள் கரண்டு போய்வந்து பைல் ஒன்று கெட்டுப்போனபோது, உண்மையிலேயே ஒரே ஒரு ரூம்தான் போயிருந்தது. அதில் இருந்தது ஒரு லட்டு மட்டும். அரைமணி நேரத்தில் வேறு லட்டு செய்து வைத்துவிட்டார். அன்றிலிருந்து சிரிப்பதைக் குறைத்துக்கொண்டோம்.

அசைவைப் படிக்க அவர் புத்தகத்தைத் திறந்ததில்லை. பஸ் ஸ்டாண்டில் போய் நிற்பார். பஸ் வந்து நின்றதும் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் தலைகளைப் பார்ப்பார். பெண்கள் திட்டினால் நகர்ந்து நின்று பார்ப்பார். "பஸ் நின்ன பொறவும் தல நிக்காது தம்பி. முன்னாடி ஒரு ஆட்டம் ஆடி, பின்னாடி வந்துதான் உக்காரும்" என்று வந்து சொல்வார். அதன் பிறகு அவர் செய்த எழுத்துகளெல்லாம் ஓடிவந்து, நின்று, ஒரு முறை முன்னால் சாய்ந்து, பிறகு நிமிர்ந்தன. கேபிளில் பார்த்தவர்கள், அந்த எழுத்துக்கு உயிர் இருக்கிறது என்றார்கள். அது பஸ்ஸில் வந்த எழுத்து என்பது எங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு கல்யாண வீட்டில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். டைட்டிலுக்குப் பெயர் விவரம் வாங்கப் போனோம். காலைச் சாப்பாட்டுக்கு உட்கார வைத்துவிட்டார்கள். இலையில் இட்லி விழுந்தது. அண்ணாச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார். தலைக்கு மேல் தூக்கி இலையில் போட்டார். உடனே குனிந்து, கன்னத்தை மேஜையில் ஒட்டவைத்து அதையே பார்த்தார். மறுபடி எடுத்தார், மறுபடி போட்டார். பந்தி மொத்தமும் கையைச் சாம்பாரில் வைத்தபடி நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பா ஓடிவந்து, சாப்பாட்டில் ஏதும் குறையா என்று கேட்டார்.

"குறையெல்லாம் இல்ல அண்ணாச்சி. சூடான இட்லி விழுந்தா அமுங்கி எந்திரிக்கும். ஆறின இட்லி சப்புன்னு உக்காந்துரும். உங்க மாப்பிள்ள பேரு மேலருந்து விழணும்னு சொன்னீகள்லா, எந்த இட்லியா விழட்டும்?"

பெரியப்பா இலையிலிருந்த இட்லியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து காதோரமாக, "சூடான இட்லியாவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

ஆலையை ஏன் விட்டீர்கள் என்று ஒரே ஒரு முறை கேட்டேன். அவர் கீபோர்டைக் காட்டினார். "அங்கன ஒரு தப்பு பண்ணா பண்ணதுதான். இங்கன கன்ட்ரோலையும் இசட்டையும் சேத்து அமுக்குனா பண்ண தப்பு பண்ணாத தப்பா ஆயிருது. இத மொத நாள் பாத்தப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு" என்றார். 

இப்படியிருக்க, எம். புதுப்பட்டியிலிருந்து ஒரு முதலாளி எங்கள் மாடிக்கு ஏறி வந்தார். அண்ணன் தம்பிகளோடு கூட்டாக ஆலை நடத்தியவர். மனஸ்தாபத்தில் பிரிந்து, தனியாகச் சின்னதாக ஓர் ஆலை தொடங்கியிருந்தார். அதுதான் அவருடைய முதல் சீசன். முக்கலர் புஸ்வாணம் என்று ஒரு புதுச் சரக்கு போட்டிருந்தார். பற்றவைத்தால் முதலில் சிவப்பு, பிறகு பச்சை, கடைசியில் வெள்ளி. மற்றதெல்லாம் எல்லா ஆலையிலும் கிடைக்கிற சரக்கு; இவருடைய நம்பிக்கை முழுவதும் இந்த ஒன்றின் மேல்தான். விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வெளியூர் டீலர்களைக் கூட்டியிருந்தார். மண்டபத்துக்குள் பட்டாசு கொளுத்த முடியாது. படம்தான் காட்ட வேண்டும். வீடியோ கேமராவில் எடுத்துப் பார்த்தால் வெளிச்சம் தாங்காமல் மூன்று கலரும் வெள்ளையாகவே தெரிந்தது. ஆகவே கம்ப்யூட்டரிலேயே புஸ்வாணம் விட வேண்டும். "இது எடுபடலேன்னா நான் திரும்ப எங்க அண்ணன் வாசல்ல போயி நிக்கணும் பாய்" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணாச்சி ஆலைக்கு வர மாட்டேன் என்றார். ஒரு டஜன் புஸ்வாணச் சட்டியைத் தன் வீட்டுக்குப் பின்னாலிருந்த பொட்டலுக்கு வரவழைத்தார். பொழுது சாய்கிற நேரம் ஒவ்வொன்றாகக் கொளுத்தி, கேமராவில் எடுத்தார். கலர்தான் தெரியாதே என்று பாய் சொன்னார். கலருக்கு இல்லை, எண்ணுவதற்கு என்றார் அண்ணாச்சி. வீடியோவில் ஒரு செகண்டுக்கு இருபத்தைந்து படம். அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி, எந்தப் பொறி எங்கே பிறக்கிறது, எத்தனை படத்துக்கு உயிரோடு இருக்கிறது, எந்த வளைவில் கீழே விழுகிறது என்று நோட்டில் எழுதினார். பிறகு சாப்ட்வேரில் பொறிகளுக்கு வேகம், ஆயுசு, பாரம் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்தார். பத்து நாள் ஆயிற்று. டீலர் கூட்டத்துக்கு முந்தின நாள் மதியம் முதலாளியை உட்காரவைத்துப் படத்தை ஓட்டினார்.

அப்படியொரு புஸ்வாணத்தை நான் திரையில் பார்த்ததில்லை. சிவப்பு சீறி எழுந்து குடையாக விரிந்தது. அதை உள்ளேயிருந்து தள்ளிக்கொண்டு பச்சை வந்தது. முதலாளி தன்னையறியாமல் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார். பச்சை தாழ்ந்தது. அணைந்தது. திரை கறுப்பாகிவிட்டது.

"மெஷினு நின்னுபோச்சா?" என்றார் முதலாளி. அவர் சொல்லி முடிக்கவும் வெள்ளி பொங்கிக்கொண்டு எழுந்தது.

"மெஷினு நிக்கல. உங்க சரக்குதான் நின்னுச்சு" என்றார் அண்ணாச்சி. "பச்ச மருந்து முடிஞ்சு வெள்ளி மருந்தப் பிடிக்க தீ தடுமாறுது. சில சட்டியில ஒரு செகண்டு. ஒரு சட்டியில மூணு. நான் மூணு வச்சேன்."

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. தினமும் கொளுத்திப் பார்க்கிறேன், அப்படியொன்றும் கிடையாது என்றார்.

"வெள்ளி வரும்னு தெரிஞ்சு பாக்கீக. அதான் இருட்டு உங்க கண்ணுல படல."

"சரிங்க, இருந்துட்டுப் போகட்டும். இது விளம்பரம் அண்ணாச்சி. அத எடுத்துருங்க."

"எடுக்க ரெண்டு நிமிசம் ஆகாது. படத்துல நான் எடுத்துருவேன், சட்டியில யாரு எடுக்க? அணைஞ்சுபோச்சுன்னு நெனச்சு எந்தப் பிள்ளையாவது குனிஞ்சு பாக்கும் முதலாளி."

 அண்ணாச்சி எழுந்து, நாளைக்கு மண்டபத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். வேலை நேரத்தில் அவர் எழுந்து போனது அதுதான் முதல் தடவை. முதலாளி பாயைப் பார்த்தார். பாய் என்னைப் பார்த்தார். நான் பார்ப்பதற்கு ஆள் இல்லை.

இரண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் எனக்கும் கொஞ்சம் தெரியும் என்று பாய் நம்பினார். நானும் நம்பினேன். செம்புத் தகட்டைத் தொடாமல் மவுஸைத் தொட்டேன். பைலைத் திறந்தால் ரூம். ரூமுக்குள் ரூம். அதற்குள் நாலு ரூம். 'சிவப்பு நாலு', 'பச்சை வால்', 'புகை மேக்கு' என்று ஒவ்வொன்றுக்கும் பெயர். ஓரிடத்தில் எதையோ அழித்தேன்; கம்பெனிப் பெயர்ப் பலகை புஸ்வாணமாகப் பொங்கியது. கன்ட்ரோல் இசட். இன்னோரிடத்தில் இழுத்தேன்; பொறிகளெல்லாம் மேலேயிருந்து சட்டிக்குள் திரும்பிப் போயின. மறுபடி கன்ட்ரோல் இசட். கடைசியில் 'வெள்ளி' என்ற ரூமைக் கண்டுபிடித்து, அதை அப்படியே பிடித்து இழுத்தேன். நகர்ந்தது. முடிந்தது என்றேன்.

ரெண்டர் என்ற ஒன்று உண்டு. மெஷின் ஒவ்வொரு படத்தையும் தானே வரைந்து முடிக்க வேண்டும். அந்தக் காலத்து மெஷினுக்கு அரை நிமிஷப் படத்துக்கே மறுநாள் காலைவரை பிடிக்கும். ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம். காலையில் சிடியில் ஏற்றி, சிவப்பு வருவதை மட்டும் பார்த்துவிட்டு விருதுநகர் பஸ்ஸைப் பிடித்தோம்.

மண்டபத்தில் ஜன்னல்களை ஜமக்காளத்தால் மூடி இருட்டாக்கியிருந்தார்கள். டீலர்கள் நூறு பேருக்குக் குறையாது. முன்வரிசைக்கு முன்னால் ஒரு முக்காலியில் புரொஜெக்டர். முதலாளி மைக் பக்கத்தில் கைகட்டி நின்றார். அண்ணாச்சி பின்சுவரோரம் வெறுங்காலோடு நின்றிருந்தார். செருப்பை எங்கே விட்டிருப்பார் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே படம் தொடங்கிவிட்டது.

சிவப்புக்குக் கைதட்டினார்கள். பச்சைக்கு விசில் அடித்தார்கள். பச்சை தாழ்ந்து அணைந்தது. திரை இருண்டது.

 இருட்டைத்தான் எடுத்துவிட்டேனே! ஒன்று, இரண்டு, மூன்று. வெள்ளி வரவில்லை. நான் அதை முன்னால் இழுக்கவில்லை, பின்னால் இழுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. நாலு. கூட்டத்தில் யாரோ, கரண்டு போச்சா என்றார்கள். ஐந்து. முன்வரிசையிலிருந்த ஒரு தடித்த டீலர், உதவி செய்கிற நல்ல மனிதர், எழுந்து முக்காலிக்கு நேராக வந்தார். என்ன ஆயிற்று என்று குனிந்து, புரொஜெக்டரின் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார். ஏழு.

வெள்ளி நேராக அவர் முகத்தில் பொங்கியது. மனிதர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓர் அலறலோடு பின்னால் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். அவர் வழுக்கையிலும் வெள்ளைச் சட்டையிலும் பொறிகள் விழுந்துகொண்டே இருந்தன. வெறும் வெளிச்சம்தான்.  பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். உட்கார்ந்திருந்தவரும் கண்ணைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார்.

சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவர் அண்ணாச்சி. சுவரோரத்திலிருந்து நேராக என்னிடம் வந்தார். "ஏலே, நான் வச்சது மூணு. இது ஏழு ஓடுது. யாருலே ரூமுக்குள்ள போனது?" அந்த மண்டபத்தில் அவருக்கிருந்த அதிர்ச்சி அது ஒன்றுதான்.

இன்னொருவர் முதலாளி. அவர் திரையைப் பார்க்கவில்லை; தரையில் உட்கார்ந்திருந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தார். லைட்டைப் போட்டார்கள். ஆர்டர் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு டீலர்கள் காத்திருந்தார்கள். முன்வரிசையில் ஒருவர், முக்கலரில் எனக்கு முதல் லோடு என்று கையைத் தூக்கினார். முதலாளி மைக்கைப் பிடித்தார். 

"இந்தச் சரக்கு இந்த சீசனுக்கு இல்ல. மத்ததப் பாருங்க."

அவ்வளவுதான் சொன்னார். எங்கள் எல்லோரையும்விட அதிகமாக அதிர்ந்துபோனது அவரே என்று நினைக்கிறேன். டீலர்கள் எவ்வளவோ சொன்னார்கள்: ஓடும் முதலாளி, அனுப்புங்க, யாரு நின்னு பாக்கப் போறா. அவர் அசையவில்லை. பாதிப் பேர் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் கிளம்பிவிட்டார்கள். அந்த சீசன் அவருக்கு எழுந்திருக்கவே இல்லை. அண்ணன் வாசலுக்குப் போகவில்லை என்பது மட்டும்தான் மிச்சம். வேறொரு கம்பெனிக்குக் கம்பி மத்தாப்பு செய்துகொடுத்து ஆலையைத் திறந்துவைத்திருந்தார்.

ஆனால் மாதத்துக்கு ஒரு முறை புதுப்பட்டி பஸ்ஸில் ஒரு வீடியோ கேசட் வரும். மருந்தை மாற்றி மாற்றி அடைத்து, கொளுத்தி, படமெடுத்து அனுப்புவார் முதலாளி. அண்ணாச்சி இருட்டு எத்தனை படத்துக்கு நீடிக்கிறது என்று எண்ணி, ஒரு துண்டுச்சீட்டில் எண்ணை மட்டும் எழுதித் திருப்பி அனுப்புவார். அறுபத்திரண்டு. நாற்பது. நாற்பத்தெட்டு. பதினொன்று. அவர்கள் இருவரும் இடையில் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதாக எனக்குத் தெரியாது. ஒரு நாள் சீட்டில் பூஜ்யம் எழுதினார். ஆனாலும் நம்பவில்லை, இன்னும் ஒரு டஜன் கொளுத்தி அனுப்பச் சொன்னார். பன்னிரண்டும் பூஜ்யம்.

அன்றைக்குத்தான் பழைய படத்தைத் திறந்து, அந்தக் கறுப்பை எடுத்தார். சொன்னபடியே இரண்டு நிமிஷம் ஆகவில்லை. பச்சையிலிருந்து வெள்ளி இடைவெளியில்லாமல் எழுந்தது. அவர் அதை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தார். மனசு கேட்காமல் நான் அப்போதுதான் ஒப்புக்கொண்டேன், அன்று ரூமுக்குள் போனவன் நான்தான் என்று.

"தெரியும்" என்றார் திரும்பாமல். "இம்புட்டுத் தப்பா இழுக்க இந்த ஸ்டூடியோவுல வேற ஆளு கெடையாது. ஆனா தம்பி, நான் வச்ச மூணுக்கு அந்த மனுசன் எந்திரிச்சிருக்க மாட்டாரு. ஏழுக்குத்தான் எந்திரிச்சாரு."

அவர் என்னைப் பாராட்டியது அது ஒரு தடவைதான். அதுவும் பாராட்டா என்று இன்றுவரை எனக்கு உறுதியில்லை.

பிற்பாடு பாய் ஸ்டூடியோவை விற்றுவிட்டு ஜவுளிக்குப் போனார். அண்ணாச்சி மகள் வீட்டோடு வெளியூர் போனதாகச் சொன்னார்கள். விலாசம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

தீபாவளிக்குத் தீபாவளி எங்கள் தெருவில் ஏதாவது ஒரு புஸ்வாணம் பாதியில் அணையும். பிள்ளைகள் அதை நோக்கி ஓடுவார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் பாய்ந்து, இரண்டு கைகளையும் விரித்து வழிமறித்து, உரக்க எண்ணத் தொடங்குவேன். முப்பதுவரை எண்ணி முடிக்காமல் யாரையும் விடுவதில்லை. தெருப் பிள்ளைகள் எனக்குக் கிறுக்குத் தாத்தா என்று பெயர் வைத்திருக்கிறார்களாம்; என் மனைவிக்கு அதில் ரொம்ப வருத்தம். எனக்கு இல்லை. அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று எனக்குத் தெரியும். அவர் எங்கேயாவது இன்னும் இருந்து, அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு நாள் இந்தத் தெருவுக்கு வந்துவிடமாட்டாரா என்றுதான் இருக்கிறது.